தேதி குறிக்கப்பட்ட புரட்சிகள்

1950 ஜனவரி 27ஆம் தேதியிட்ட கொமின்ஃபார்ம் ஏட்டின் தலையங்கம், காலனி நாடுகளின் விடுதலைக்குச் சீனம் சென்ற வழியே பல நாடுகளுக்கும் உகந்த வழி என்று எழுதியது. இந்தியக் கட்சியைப் பெயர் சொல்லித் திட்டவில்லை. ஆனாலும் அந்த மொழியைப் படித்துப் பழகியவர்களுக்கு விஷயம் உடனே விளங்கியிருக்கும். கல்கத்தாவில் 1948இல் எடுக்கப்பட்ட நிலைப்பாடு, அதாவது நகரத் தொழிலாளி வர்க்கத்தின் பொது வேலைநிறுத்தம், அதைத் தொடரும் ஆயுத எழுச்சி, ஜனநாயகப் புரட்சியும் சோஷலிசப் புரட்சியும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னி ஒரே வீச்சில் நடந்தேறல் என்ற அந்த முழுக் கணக்கும் தப்பு என்று மேலிடம் சொல்லிவிட்டது. அதற்குப் பதினைந்தாம் நாள், பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்திய சிறையில் அடைபட்டிருந்த கம்யூனிஸ்ட் கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் செத்தார்கள். குடியரசு பிறந்து பதினாறே நாள் ஆகியிருந்தது.

சுட்டது அரசு. இதில் குழப்பமே வேண்டாம். சென்னை மாகாணத்தில் அப்போது குமாரசாமி ராஜாவின் காங்கிரஸ் ஆட்சி. பூட்டிய அடைப்புக்குள் நிராயுதபாணிகளாக நின்றவர்களைச் சுட்டுக் கொன்றதற்கு எந்தத் தத்துவார்த்த விவாதமும் சமாதானம் ஆகாது. இடதுசாரிகளின் தவறைப் பேச வருகிறவர்களில் பலர் இந்த இடத்தில் சாமர்த்தியமாக நழுவி, கொன்றவனை விட்டுவிட்டுச் செத்தவனைக் கண்டிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நான் கேட்க வருவது வேறு கேள்வி. அந்த 22 பேரும் எந்த எதிர்காலத்தை நம்பி அந்தச் சிறைக்குள் நின்றார்கள்? அந்த எதிர்காலத்தை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தது யார்? அது பொய்த்துப்போனபோது அந்தச் சேதி அவர்களுக்கு ஏன் போய்ச் சேரவில்லை?

சேலம் சிறை அஸ்தம்பட்டியில், ஏற்காட்டுக்குப் போகிற சாலையை ஒட்டி இருக்கிறது. மலைக்கு மேலே மஞ்சக்குட்டையில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். இங்கே இந்தக் கதையைச் சொல்லப்போனால் முதலில் ஒரு சொல்லே இடறுகிறது. ‘ஜெயில்ல செத்தவங்கள்ல முக்காவாசிப் பேரு மலையாளிங்க’ என்றேன் ஒருவரிடம். ‘நம்ம ஆளுங்களா?’ என்றார். சேர்வராயன் மலையில் மலையாளி என்றால் இந்த மலையின் பழங்குடி, காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகத் தம் கதையைச் சொல்லிக்கொள்ளும் சனம். செத்தவர்கள் வட மலபார்க்காரர்கள். ஆனால் அவர் கேட்டது முழுக்கப் பிசகில்லை. அந்தக் கைதிகளில் ஒரு பகுதியினர் 1946 டிசம்பரில் காவும்பாயில் நடந்த விவசாயிகள் போராட்டத்தில் பிடிபட்டவர்கள். அந்தப் போராட்டம் எதற்கு? ஜன்மியின் மலங்காட்டில் புனம் பயிரிடும் உரிமைக்கு. உணவுப் பஞ்ச காலத்தில் காட்டைத் திருத்தி நெல் விதைத்துச் சோறு தின்ன. மலையில் கொத்திப் பயிர் செய்து பிழைத்த எவருக்கும் அது புரிகிற கோரிக்கைதான். காப்பிக்காகக் காடு அளந்து எடுக்கப்பட்ட ஒரு மலையில் (1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் அது தொடங்கியது) இதை விளக்க அதிக நேரம் ஆகாது.

இங்குதான் என் முதல் ஐயம். காவும்பாயி விவசாயி சிறைக்குப் போனபோது அவர் கையில் இருந்தது ஒரு கோரிக்கை. நிலம், நெல், புனம். 1948 பிப்ரவரி 28 முதல் மார்ச் 6 வரை கல்கத்தாவில் கட்சியின் இரண்டாவது காங்கிரஸ் நடந்து, பி.சி. ஜோஷி போய் பி.டி. ரணதிவே பொதுச் செயலாளராக வந்த பிறகு, அந்தக் கோரிக்கை ஒரு முன்கணிப்பின் உறுப்பாக மாற்றப்பட்டது. முதலாளியம் இறுதி நெருக்கடியில் இருக்கிறது. நேரு அரசு மக்களிடம் அம்பலப்பட்டுவிட்டது. ஒரு பொறி போதும். உலகம் இரு முகாம்களாகப் பிரிந்துவிட்டதென்று 1947 செப்டம்பரில் ஷ்தானோவ் சொன்னது இந்தக் கணிப்புக்குப் பின்னணி. இந்தக் கணக்கில் சிறையும் ஒரு போர்முனை. வெளியே எழுச்சி வரப்போகிறது. ஆகவே உள்ளே பணிவது துரோகம். கோரிக்கையோடு போனவர் கணிப்பின் படைவீரராக ஆக்கப்பட்டார். அவரைக் கேட்டு அல்ல.

எழுச்சிக்குக் குறிக்கப்பட்ட நாள் 1949 மார்ச் 9. அகில இந்திய ரயில்வே வேலைநிறுத்தம். ஜெயப்பிரகாஷ் நாராயண் தலைமையில் இருந்த ரயில்வேமென் சம்மேளனம் பின்வாங்கிவிட்டது. கம்யூனிஸ்டுகள் மட்டும் தனித்து நடத்துவது என்று முடிவு. அரசு ஆயிரக்கணக்கில் முன்கூட்டியே கைது செய்தது. மார்ச் 9 வந்தது; ரயில்கள் ஓடின. அன்று மாலை ஒரு கட்சி என்ன செய்திருக்க வேண்டும்? கணிப்பு தவறா என்று பார்த்திருக்க வேண்டும். நடந்தது வேறு. கணிப்பு சரிதான், கீழ்க் கமிட்டிகளின் சீர்திருத்தவாதமும் கோழைத்தனமுமே காரணம் என்று விளக்கம் வந்தது. ஜோஷி கட்சியை விட்டே வெளியேற்றப்பட்டார். 1948இல் ஏறத்தாழ 89 ஆயிரமாக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை 1950இல் 20 ஆயிரமளவுக்குச் சுருங்கியது.

இந்த விளக்கத்தின் இலக்கணம் நம் எல்லாருக்கும் அத்துபடி. ‘புறநிலைமை கனிந்துவிட்டது, அகநிலைச் சக்திதான் தயாராகவில்லை.’ எத்தனை அரசியல் அறிக்கைகளில் இதைப் படித்திருப்போம்! எத்தனை மண்டபங்களில் மின்விசிறி சத்தத்துக்கு நடுவே கேட்டிருப்போம்! மேலோட்டமாகப் பார்த்தால் லெனினியச் சொல்லாடல் போலத் தெரிகிற இந்த வாக்கியம் உண்மையில் ஒரு பாதுகாப்புக் கவசம். புரட்சி வந்தால் கணிப்பு பலித்தது. வராவிட்டால் அகநிலையின் குறை. எந்தப் பக்கம் காசு விழுந்தாலும் கணித்தவர் ஜெயிக்கிறார். கிளி ஜோசியக்காரனாவது நாலணா வாங்கிக்கொண்டு போய்விடுவான், அடுத்த வாரம் வந்து ‘உன் விசுவாசக் குறைவால்தான் கல்யாணம் நின்றுபோச்சு’ என்று விசாரணைக் கமிஷன் வைக்கமாட்டான். புறநிலையையும் அகநிலையையும் இப்படி இரண்டு டப்பாக்களாகப் பிரிப்பதே மார்க்சியத்துக்குப் பகை. மக்களின் நம்பிக்கை, பயம், சாதிக் கட்டு, நேற்று வாங்கிய அடியின் நினைவு இவையெல்லாம் புறநிலை இல்லையா? ரயில்வே தொழிலாளி மார்ச் 9 அன்று வேலைக்குப் போனது நிலைமையின் பகுதியா, அல்லது நிலைமைக்கு எதிரான சதியா?

இன்னொன்று. 1948இலேயே ஆந்திரத் தோழர்கள் வேறு கணக்கு ஒன்றை எழுதி மேலே அனுப்பியிருந்தார்கள். தெலங்கானாவில் கிராமங்களைக் கையில் வைத்துப் போராடிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். இங்கே சீனத்தைப் போல விவசாயப் போர்தான் நீண்டு நடக்கும், மாவோவைப் படிக்க வேண்டும் என்றார்கள். ரணதிவே 1949இன் நடுவில் மாவோவையே கண்டித்து எழுதினார். சில மாதங்களில், அக்டோபர் 1 அன்று, மாவோ பெய்ஜிங்கில் மக்கள் குடியரசை அறிவித்தார். முன்கணிப்பின் வரலாற்றில் இதைவிடக் கொடிய நகைச்சுவை அரிது. ஆனால் ஆந்திரர்கள் சொன்னது மட்டும் சரியாகிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. 1950இல் ராஜேஸ்வர ராவ் பொதுச் செயலாளரானார். தெலங்கானா ஆயுதப் போராட்டம் 1951 அக்டோபரில் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதற்கு முன் நாலு தலைவர்கள் மாஸ்கோ போய் ஸ்டாலினைப் பார்த்து வந்திருந்தார்கள். ஒரு கணிப்பு தவறென்று கொமின்ஃபார்ம் ஏடு சொல்ல வேண்டும், அடுத்த கணிப்பு தவறென்று கிரெம்ளின் சொல்ல வேண்டும். நல்கொண்டாவில் அடிபடுகிறவனின் அனுபவம் மட்டும் சான்றாக எடுபடாது.

பிறகு நடந்தது எவருடைய கணக்கிலும் இல்லாதது. 1952 தேர்தலில் சென்னை சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152தான். கம்யூனிஸ்டுகள் 62 இடம் பிடித்துப் பெரிய எதிர்க்கட்சியானார்கள் (ஆந்திரமும் மலபாரும் அந்த மாகாணத்தில் சேர்ந்திருந்தன என்பதை மறக்கக்கூடாது). ராஜாஜியைக் கொண்டுவந்து உட்கார வைத்துத்தான் காங்கிரஸ் ஆட்சி அமைக்க முடிந்தது. மக்களிடம் முழுக்க அம்பலப்பட்டதாகச் சொல்லப்பட்ட நாடாளுமன்ற மாயை வழியே, எழுச்சி வராததால் சோர்ந்து கிடந்த கட்சி எழுந்தது. வாக்களித்தவர்கள் தியாகத்தை மதித்தார்கள், கணிப்பை அல்ல என்றே நான் நினைக்கிறேன்.

இருபது வருஷம் கழித்து அதே நோய் வேறு உடம்பில். 1967 மே மாதம் நக்சல்பாரி. ஜூலையில் பெய்ஜிங் ஏடு அதை வசந்தத்தின் இடிமுழக்கமாக வரவேற்றது. 1969 ஏப்ரல் 22 அன்று புதிய கட்சி. சாரு மஜும்தார் எழுபதுகளை விடுதலையின் பத்தாண்டாக ஆக்கச் சொன்னார், 1975க்குள் அது கைகூடும் என்றார். ரணதிவேயிடமாவது நாள் ஒரு வேலைநிறுத்தத்தோடு பிணைந்திருந்தது. இங்கே வருஷம் ஒரு சபதமாக ஆகிவிட்டது. கேள்வி கேட்டவர், ஐந்து வருஷத்தில் எப்படி முடியும் என்று கணக்குக் கேட்டவர், உடனே திருத்தல்வாதி. கால அளவு அரசியலின் சாரத்தையே மாற்றுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஐந்தே வருஷம்தான் என்றால் தொழிற்சங்கம் எதற்கு, குத்தகை வழக்கு எதற்கு? பண்ணையாரை அழித்தொழித்தால் போதும். வெகுஜன அமைப்புகளைக் கைவிட்டது ஏதோ தனித் தவறு போல விமரிசிக்கப்படுகிறது. அது தேதியிலிருந்து தர்க்கரீதியாகப் பிறந்த தவறு. 1970இன் இறுதியில் சீனம் சென்ற சௌரின் போஸிடம் சூ என்லாயும் காங் ஷெங்கும் கடும் விமரிசனங்களைச் சொல்லி அனுப்பினார்கள். அவை அணிகளுக்குப் போய்ச் சேரத் தாமதமாயிற்று. மீண்டும் அதே கதை. மேலிடத்துச் சந்தேகம் கீழே இறங்குவதற்குள் கீழே இருக்கிறவன் செத்துவிடுகிறான். சாரு 1972 ஜூலை 28 அன்று போலீஸ் காவலில் இறந்தார். 1975 வந்தது. ஜூன் 25 இரவு வந்தது விடுதலை அல்ல, நெருக்கடி நிலை.

கோவையிலிருந்து எல். அப்பு, பெண்ணாடம் பக்கமிருந்து புலவர் கலியபெருமாள் என்று தமிழகத்திலும் இந்த அழைப்பை ஏற்றுப் போனவர்கள் சாதாரணமானவர்கள் இல்லை. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டுப் பல ஆண்டு சிறையில் கிடந்தவர் புலவர். இவர்களைக் கேலி செய்வது எனக்கு நோக்கமில்லை. அந்தத் தகுதியும் இன்றைய தொலைக்காட்சி ஜனநாயகவாதிகள் எவருக்கும் இல்லை.

ஏற்காட்டு மலையின் மறுபக்கம் இறங்கினால் தர்மபுரி மாவட்டம். அங்கே எழுபதுகளின் பிற்பகுதியில் பாலனும் தோழர்களும் செய்த வேலையில் கணிப்பைவிட நடைமுறை கனமாக இருந்தது. இரட்டை டம்ளரை எதிர்த்தார்கள், கந்துவட்டியை எதிர்த்தார்கள். 1980 ஆகஸ்டில் திருப்பத்தூரில் நடந்த குண்டுவெடிப்பில் இன்ஸ்பெக்டர் பழனிசாமியும் காவலர்களும் இறந்தார்கள். தேவாரத்தின் தலைமையில் போலீஸ் வேட்டை, ‘மோதல்’ சாவுகள். செப்டம்பரில் பாலன் கொல்லப்பட்டார். நாயக்கன்கொட்டாயில் அப்புவுக்கும் பாலனுக்கும் சிலைகள் இருக்கின்றன. அந்தச் சிலைகளுக்கு அருகிலேதான் 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. ஒரு காதல் கல்யாணம். பெண் வன்னியர், பையன் தலித்.

வர்க்கப் போராட்டம் கூர்மையடையும்போது சாதி தானாக உதிரும் என்பது இடதுசாரிகளின் கணிப்புகளிலேயே மிகவும் ஆழமானது, தேதி இல்லாதது, ஆகவே ஒருபோதும் சோதிக்கப்படாதது. அதைச் சோதித்தது நாயக்கன்கொட்டாய். பாருங்கள், 1980 ஜூலையில் வன்னியர் சங்கம் தொடங்கப்படுகிறது. அடுத்த மாதம் திருப்பத்தூர்க் குண்டு. ஒரே நிலப்பரப்பு, ஒரே வறிய விவசாயி, இரண்டு அழைப்புகள். வரலாற்றின் வாகனம் என்று நாம் எதை எழுதிவைத்தோமோ அதில் அவன் ஏறவில்லை. 1987 செப்டம்பரில் ஒரு வாரம் சாலைகளை மறித்து நின்றபோது ஏறியது வேறு வண்டியில். அவனைப் பிற்போக்கு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. இட ஒதுக்கீடு அவனுக்குக் கைமேல் கிடைக்கிற பலன். நாம் காட்டியது தொடுவானம். அந்த வண்டி அவனைக் கொண்டுபோய் நத்தம் காலனி வாசலில் தீப்பந்தத்தோடு இறக்கிவிட்டதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் பேசுகிற ஆய்வுகள் எனக்கு அலுத்துவிட்டன.

கணிப்பு யாரைப் பார்க்கவிடாமல் மறைக்கிறது என்பதற்கு இலங்கையிலிருந்து ஒன்று. 1971 ஏப்ரல் 5 இரவில் நாடெங்கும் காவல் நிலையங்களைத் தாக்கி ஒரே வீச்சில் ஆட்சியைப் பிடிப்பது ஜனதா விமுக்தி பெரமுனவின் திட்டம். வெல்லவாயவில் தாக்குதல் அன்று காலையிலேயே நடந்துவிட்டது, அரசு விழித்துக்கொண்டது. அது இராணுவப் பிசகு, விடுங்கள். அரசியல் பிசகு அவர்களுடைய ஐந்து வகுப்புகளுக்குள்ளேயே இருந்தது. அதில் ஒரு வகுப்பு இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. அந்தத் தீவின் ஆகப் பெரிய பாட்டாளிக் கூட்டமான மலையகத் தோட்டத் தொழிலாளி, தமிழன், அந்த விஸ்தரிப்பின் கருவியாக அதில் வருகிறான். தொழிலாளியே இல்லாத தொழிலாளர் புரட்சி! நாடற்றவர்களாகி, 1964 ஒப்பந்தப்படி கப்பலேறி வந்து நீலகிரியில் மறுபடி தேயிலை கிள்ள நின்றவர்களிடம் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

மஞ்சக்குட்டையில் சங்க வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: ‘மார்ச்சுல பூமழை பெய்யும்னு தொர சொல்றான். பெய்யலேன்னா நட்டம் தொரைக்கு. புரட்சி வரும்னு ஒங்காளுங்க சொல்றாங்க. வரலேன்னா நட்டம் யாருக்கு தம்பி?’ காப்பிச் செடி பூக்க மார்ச், ஏப்ரலில் மழை வேண்டும். தப்பினால் அந்த வருஷ மகசூல் போச்சு. காப்பிக்காரனுக்குக் கணிப்பு வருஷா வருஷம் பரீட்சை எழுதுகிறது. 1989 ஜூலையில் சர்வதேச ஒதுக்கீட்டு ஏற்பாடு குலைந்து விலை விழுந்தது. 1994இல் பிரேசிலில் பனி கொட்டிக் காப்பி கருகியபோது இங்கே விலை எகிறியது. அதைப் பார்த்துக் கடன் வாங்கி நட்டவர்கள் புத்தாயிரத்தின் தொடக்கத்தில் சரிந்தார்கள். பெரியவர் சொன்னது பாதி சரி. துரையின் நட்டம் துரையோடு நிற்பதில்லை, கடைசியில் லைன் வீட்டுக்கு வந்துதான் தீரும். ஆனால் மீதிப் பாதியை மறுக்க முடியவில்லை. தப்பினால் விலை கொடுக்காத இடத்திலிருந்து செய்யப்படுகிற கணிப்பு கணிப்பே இல்லை, அது ஆணை. ரணதிவே 1950இல் பதவி இழந்தார். பிறகு திரும்பி வந்தார், 1970இல் சிஐடியூவின் தலைவரானார், 1990 வரை வாழ்ந்தார். அவருடைய உழைப்பை நான் குறைக்கவில்லை. தவறைத் திருத்திக்கொள்ள அவருக்கு நாற்பது வருஷம் கிடைத்தது என்கிறேன்.

இதையெல்லாம் சொன்னவுடன் ஒரு கும்பல் கைதட்டும். மார்க்சியமே ஆருடம், பெருங்கதையாடல், முடிந்த கதை என்று. சோவியத் உடைந்த காலத்தில் இந்தக் கைதட்டலை நிறையக் கேட்டோம். வரலாறே முடிந்துவிட்டது என்று ஃபுகுயாமா 1989இல் எழுதியதும் ஆருடம்தானே? அது எப்படிப் பலித்தது என்பது ஈராக்கிலும் 2008 வங்கிச் சரிவிலும் தெரிந்தது. முன்கணிப்பைத் துறந்தவர்கள் என்று எவரும் இல்லை. கணிக்காமல் ஒரு துண்டறிக்கைகூட எழுத முடியாது.

மார்க்ஸிடமே இரண்டும் இருக்கின்றன. 1857 நெருக்கடி வந்தபோது பிரளயம் வருவதற்குள் முடிக்க வேண்டுமென்று ராத்திரி பகலாகக் குறிப்பேடுகளை எழுதித் தள்ளினார். நெருக்கடி அடுத்த வருஷமே தணிந்தது, பிரளயம் வரவில்லை. குறிப்பேடுகள் மிஞ்சின. அதே மார்க்ஸ் 1881இல் வேரா ஸாசுலிச் ருஷ்யக் கிராம சமுதாயத்தின் கதி என்ன என்று கேட்டபோது, மேற்கு ஐரோப்பாவுக்குச் சொன்னதை ருஷ்யாவுக்கு விதியாக்க மறுத்து, வரைவு மேல் வரைவாக எழுதி, கடைசியில் சின்னக் கடிதம் ஒன்றை அனுப்பினார். எங்கெல்ஸ் 1895இல், தாங்கள் 1848இல் நினைத்ததை வரலாறு பொய்யாக்கிவிட்டது என்று அச்சிலேயே ஒப்புக்கொண்டார். லெனின் 1917 ஜனவரியில் சூரிச்சில் இளைஞர்களிடம், வரப்போகும் தீர்மானகரமான சமர்களைத் தம் தலைமுறை பார்க்காமலே போகலாம் என்று பேசினார். ஏழு வாரத்துக்குள் பெட்ரோகிராட் எழுந்துவிட்டது. தப்பாகக் கணித்தவர்தான், ஆனால் கணிப்பைக் கட்டிக்கொண்டு சூரிச்சிலேயே உட்கார்ந்திருக்கவில்லை.

கிராம்ஷி இந்த இடத்தில் உதவுகிறார். அக்டோபர்ப் புரட்சியை ‘மூலதன’த்துக்கு எதிரான புரட்சி என்று தலைப்பிட்டு எழுதியவர் அவர். போராட்டம் நடக்கும் என்பதை முன்னறியலாம், அதன் தருணங்களை அறிய முடியாது, அவை மாறிக்கொண்டே இருக்கும் சக்திகளின் மோதலில் பிறப்பவை என்பது சிறைக் குறிப்பேடுகளில் அவர் வாதம். கணிக்கிறவர் அந்தச் சக்திகளில் ஒருவராகச் செயல்படும் அளவுக்கே கணிப்புக்கு அர்த்தம் உண்டு. இதை நம் ஆட்கள் செயலூக்கத்துக்குச் சான்றிதழாக மட்டும் படித்தார்கள். இதற்குள் ஒரு கட்டுப்பாடும் இருக்கிறது. உன் கணிப்பில் நீயும் ஒரு சக்தி என்றால், அது பொய்க்கும்போது உன்னையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும். அப்போது ‘அகநிலை பலவீனம்’ என்பது கீழ்க் கமிட்டிமீது எறிகிற கல்லாக இருக்க முடியாது.

ஆகவே நான் கேட்பது சின்ன விஷயம்தான். கட்சிகள், குழுக்கள் தம் காங்கிரஸ்களில் அரசியல் தீர்மானம் நிறைவேற்றும்போது, முந்தைய தீர்மானம் என்னென்ன நடக்கும் என்று சொன்னது, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று ஒரு பக்கம் எழுதட்டும். நெருக்கடி நிலையை ஆதரித்தது தவறென்று இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 1978 பட்டிண்டா காங்கிரஸில் சொன்னது. அதுபோன்றவை விதிவிலக்காக இல்லாமல் வழக்கமாக ஆகட்டும். அந்தப் பக்கத்தை எழுதுகிறவர்களில் அடி வாங்கிய ஊர்க்காரன் ஒருவனாவது இருக்கட்டும்.

இந்த மலைக்கே அப்படியொரு பக்கம் பாக்கி இருக்கிறது. தோட்டத் தொழிலாளி இம்மலைகளின் முன்னணிப் படையாவான் என்று எழுதப்பட்டது. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்துக்குப் பின் சங்கங்கள் சிலதைச் சாதித்தும் காட்டின. இன்று அவன் பிள்ளைகள் திருப்பூரிலும் ஓசூரிலும் இருக்கிறார்கள். தென்னாட்டு மலைத் தோட்டங்களில் வடமாநிலத்திலிருந்து வந்தவர்கள் பழம் பறிக்கிறார்கள். காப்பி இருந்த இடத்தில் விடுதி எழும்புகிறது. பழங்குடிக்கு நிலம் தரும் 2006 வன உரிமைச் சட்டம் தமிழ்நாட்டில் 2008 உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டா வழங்கலில் முடங்கி, 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கிய பிறகே அசைந்தது. இந்த எட்டு வருஷத் தடையை எந்த அறிக்கை முன்கூட்டிப் பார்த்தது? தடை நீங்கிய பின் மனு எழுதிக் கொடுக்க எத்தனை பேர் மலையேறினார்கள்? மஞ்சக்குட்டையில் கேட்டால் ஆள் கணக்குச் சொல்வார்கள்.